கொலாப்ஸ், கிராஷ், பிரேக் டவுன்: திடீரென்று கைவிடும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

பாலம் விழுந்தால் ‘கொலாப்ஸ்’, பஸ் நடுவழியில் நின்றால் ‘பிரேக் டவுன்’, கம்ப்யூட்டர் படுத்தால் ‘கிராஷ்’, ஃபியூஸ் போனால் ‘புளோ’. இத்தனை சொற்கள் எதற்கு, எல்லாவற்றுக்கும் ‘ஃபெயில்’ என்றே எழுதினால் என்ன என்பது கேள்வி.

எழுதலாம். இலக்கணப் பிழை ஆகாது. ஆனால் செய்தியில் பாதிதான் போய்ச் சேரும். செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்பதற்கு மேல் ‘ஃபெயில்’ எதையும் சொல்லாது. எந்தப் பொருள் கைவிட்டது, எப்படிக் கைவிட்டது, இனி தேறுமா என்ற மூன்றையும் ஆங்கிலம் வினைச்சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. முதல் இரண்டை அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதைப் பெரும்பாலான அகராதிகள் சொல்வதில்லை. குழப்பம் அங்கேதான் வருகிறது.

வீட்டு மின்சாரத்திலேயே இதைப் பார்க்கலாம். ஃபியூஸுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி, அளவுக்கு மீறிய கரண்ட் பாய்ந்தால் உருகி அறுந்துவிடும். புதுக்கம்பி போட்டே ஆக வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் ‘தி ஃபியூஸ் ஹேஸ் புளோன்’ (புளோ, புளூ, புளோன்). எம்சிபி சுவிட்ச் (ஆங்கிலத்தில் ‘சர்க்யூட் பிரேக்கர்’, சுருக்கமாக ‘பிரேக்கர்’) அப்படியில்லை. அது தானாகக் கீழே இறங்கிக்கொள்ளும், கோளாறைச் சரிசெய்து மேலே தள்ளினால் மறுபடி வேலை செய்யும். அதற்கு ‘டிரிப்’. ‘ஃபியூஸ் டிரிப்ட்’ என்று எழுதினால் படிக்கும் எலெக்ட்ரீஷியன் வெறுங்கையோடு வருவார். ‘பிரேக்கர் ஹேஸ் புளோன்’ என்றால் புது பிரேக்கர் வாங்கிக்கொண்டு வருவார். பல்புக்கும் ‘புளோ’தான். மோட்டார் காயில் எரிந்து போனால் ‘பர்ன்ட் அவுட்’; ரீவைண்டிங் செய்யாமல் ஓடாது.

இதே சொற்கள் பெரிய அளவில் எப்படி அடுக்கிக்கொள்கின்றன என்பதற்கு 2012 ஜூலை இறுதியில் இந்தியாவில் நடந்த மின்தடை நல்ல சான்று. ஜூலை 30 அன்று வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருந்த பகுதி இருண்டது. தொடக்கம், பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இதைச் சரியாக எழுதினால் மூன்று சொல் வேண்டும்: லைன் ‘டிரிப்ட்’, கிரிட் ‘கொலாப்ஸ்டு’, நகரங்களில் ‘பிளாக்அவுட்’. தடம் தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்துக்கொண்டது. தொகுப்பு தாங்க முடியாமல் சரிந்தது. மக்கள் கண்டது இருட்டு. மூன்றையும் ‘ஃபெயிலியர்’ என்றே எழுதினால் எது காரணம், எது விளைவு என்பது மறைந்துவிடும்.

மின்தடையைச் சொல்லும் பெயர்ச்சொற்களையும் இங்கேயே முடித்துவிடலாம். ‘பவர் கட்’ பிரிட்டனிலும் நம் பக்கத்திலும் புழங்குவது. அமெரிக்கர் ‘பவர் அவுட்டேஜ்’ என்பார். மின்வாரியமே திட்டமிட்டு முறைவைத்து நிறுத்தினால் ‘லோட் ஷெட்டிங்’. அதைத் திடீர்க் கோளாறாக எழுதக் கூடாது. வோல்டேஜ் குறைந்து விளக்கு மங்கி எரிந்தால் ‘பிரவுன்அவுட்’. ‘தி லைட்ஸ் வென்ட் அவுட்’ என்றால் விளக்கு அணைந்தது. ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் நின்றுவிட்டது என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அலாரம் அடித்தது என்று பொருள். வெடிகுண்டு ‘வென்ட் ஆஃப்’ என்றால் வெடித்தது. பிரிட்டனில் பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் திரிந்துபோனது. விளக்குக்கு மட்டும் ‘கோ ஆஃப்’ என்றாலும் அணைவதுதான்.

வண்டிக்கு வருவோம். தமிழில் ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி கெட்டுப்போயிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிப்பேர்’ என்பது பழுது பார்ப்பது. ஆகவே ‘மை பைக் காட் ரிப்பேர்’ என்று எழுதினால், பைக்கைச் சரிசெய்தாயிற்று என்று ஏறக்குறைய நேர்மாறாகப் புரிந்துகொள்வார்கள். வழியில் நின்றுவிட்டால் ‘மை பைக் புரோக் டவுன்’. அடுத்த தவறு ‘கிராஷ்’. ‘தி கார் கிராஷ்டு’ என்றால் கார் எதன்மீதோ மோதியது. எதில் மோதியது என்பதற்கு ‘இன்டு’ சேர்க்க வேண்டும்: ‘கிராஷ்டு இன்டு எ ட்ரீ’. தாமதமாக வருவதற்குக் காரணம் சொல்லி ‘மை கார் கிராஷ்டு’ என்று மேலாளருக்கு மெசேஜ் போட்டால், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுத்தான் பதில் வரும்.

இன்ஜின் நிற்பதிலும் வகை உண்டு. கிளட்சைச் சட்டென்று விட்டதால் அணைந்தால் ‘ஸ்டால்’. சாவியைத் திருப்பினால் மறுபடி ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தால் ‘கட் அவுட்’. ஆயில் வற்றியோ சூடேறியோ பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டால் ‘சீஸ்’. நம்மூர் மெக்கானிக்குகளும் ‘இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். அது இன்ஜினைப் பிரிக்காமல் தீராத கேடு. ‘கான்க் அவுட்’ பேச்சுவழக்கு. பழைய ஸ்கூட்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஆனால் அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். டயருக்கு, ஆணி குத்தி மெல்லக் காற்று இறங்கினால் ‘பஞ்சர்’ (அமெரிக்காவில் ‘ஃப்ளாட்’). ஓடும்போது வெடித்தால் ‘பர்ஸ்ட்’ அல்லது ‘புளோஅவுட்’. ‘பர்ஸ்ட்’ மூன்று காலத்திலும் ‘பர்ஸ்ட்’தான், ‘பர்ஸ்டட்’ கிடையாது.

‘ஸ்டால்’ விமானத்துக்கு வந்தால் பொருளே வேறு. இதில் செய்தியாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் திரும்பத் திரும்ப வழுக்குகிறார்கள். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்து, காற்று இறக்கையை ஒட்டிப் பாயாமல் பிரிந்து, தூக்கும் விசை குறைந்துவிடுவதுதான் விமான ‘ஸ்டால்’. இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். கடலைத் தொடும்வரை அதன் இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விமானம் ‘ஸ்டால்’ நிலையில் இருந்தது. ‘தி பிளேன் ஸ்டால்டு’ என்பதை ‘விமான இன்ஜின் நின்றது’ என்று தமிழாக்கினால் விபத்தின் காரணமே மாறிப்போகும்.

கட்டுமானச் சொற்களில்தான் ஆங்கிலம் மிக நுணுக்கமாக இருக்கிறது. ‘கொலாப்ஸ்’ முழுதாகச் சரிவது: கட்டடம், பாலம், கூரை. ‘கிவ் வே’ அதற்கு ஒரு படி முந்தையது. பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்று இனி முடியாது என்று விட்டுக்கொடுப்பது. தரை, கிளை, கயிறு, அணையின் கரை, முழங்கால் எல்லாம் ‘கிவ் வே’ ஆகும். அதோடு ‘அண்டர்’ அடிக்கடி வரும்: ‘தி ஃப்ளோர் கேவ் வே அண்டர் தெம்’. (பிரிட்டன் சாலைகளில் ‘கிவ் வே’ பலகையைப் பார்த்துப் பதற வேண்டாம், வழிவிடச் சொல்கிறது.) ‘கேவ் இன்’ உள்நோக்கிச் சரிவது, சுரங்கம், கிணறு, குழி, கூரைக்கு உரியது. ‘ஸ்னாப்’ இழுபட்டு நிற்கும் மெல்லிய பொருள் பட்டென்று அறுவது, அதில் சத்தமும் கேட்கும்: கேபிள், கயிறு, சுள்ளி. கான்கிரீட் தூண் ‘ஸ்னாப்’ ஆகாது. ‘பக்கிள்’ நேர்மாறு. நீளமான ஒன்று அழுத்தத்தில் வளைந்து கொடுப்பது: தூண், உத்தரம், வெயிலில் நெளியும் தண்டவாளம். இழுவிசையா அழுத்தவிசையா என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும் என்பதால், பொறியாளர் இந்த இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொல்ல மாட்டார்.

கனடாவில் 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அடிச்சட்டங்கள் ‘பக்கிள்ட்’, பாலம் ‘கொலாப்ஸ்டு’. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின்மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று 46 உயிர்களோடு போனது. அங்கே தொங்குசங்கிலியின் ஒரு கண்சட்டம் (முனையில் துளையுள்ள எஃகுச் சட்டம்) ‘ஃபிராக்சர்டு’, அதாவது விரிசல் கண்டு உடைந்தது. குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று நடைபாலம் விழுந்ததை விசாரித்த அரசுக் குழு, முக்கிய கேபிளின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்ததாகச் சொன்னது. துருப்பிடித்தது ‘கொரோடட்’, மெல்ல நடப்பது. கேபிள் அறுந்தது ‘ஸ்னாப்ட்’, நொடியில் நடப்பது. பாலம் ‘கொலாப்ஸ்டு’. நல்ல விசாரணை அறிக்கையில் மெல்ல நடக்கும் வினையும் சட்டென்று நடக்கும் வினையும் தனித்தனியாக நிற்கும். ‘ஃபடீக்’ என்ற சொல்லையும் மெல்ல நடப்பவற்றோடு வைக்க வேண்டும்: திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் உலோகம் தளர்வது. அதன் முடிவு திடீரென்று வரலாம், அது தானே திடீர் அல்ல.

‘கொலாப்ஸ்’ வரும் இடத்தில் நம் ஆங்கிலத்தில் தவறாமல் நுழையும் பிழை ஒன்று: ‘தி பில்டிங் வாஸ் கொலாப்ஸ்டு’. தமிழில் ‘இடிக்கப்பட்டது’, ‘இடிந்தது’ இரண்டும் சரி என்பதால் ‘வாஸ்’ சேர்த்தாலும் தவறில்லை என்று தோன்றிவிடுகிறது. ‘கொலாப்ஸ்’ இங்கே தன்வினை. ‘தி பில்டிங் கொலாப்ஸ்டு’ போதும். ஆள் வைத்து இடித்திருந்தால் ‘வாஸ் டெமாலிஷ்டு’. ‘கிவ் வே’க்கும் இப்படித்தான், ‘வாஸ் கிவன் வே’ என்று ஒன்று இல்லை. பிரேக் பிடிக்காததற்கு ‘தி பிரேக்ஸ் ஃபெயில்ட்’ என்று மட்டும். ‘வேர் ஃபெயில்ட்’ வேண்டாம். ‘ஸ்னாப்’, ‘பர்ஸ்ட்’, ‘கிராஷ்’ போன்றவை இரண்டு பக்கமும் போகும்: கயிறு ‘ஸ்னாப்ட்’ எனலாம், ஒருவர் சுள்ளியை ‘ஸ்னாப்ட்’ எனவும் செய்யலாம்.

இந்தத் தன்வினைகளுக்கு இன்னொரு குணம் உண்டு, செய்தி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது. யார் செய்தது என்ற கேள்வியை அவை விழுங்கிவிடும். ‘தி பிரேக்ஸ் ஃபெயில்ட்’ என்று நீங்களே எழுதினால் ஓட்டுநர்மேல் தவறில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். விசாரணை முடியும்வரை ‘தி டிரைவர் செட் தி பிரேக்ஸ் ஹேட் ஃபெயில்ட்’ என்பதே நேர்மை. ‘தி டிரைவர் ஃபெயில்ட் டு பிரேக்’ என்றால் பழி மறுபக்கம் போய்விடும். ஒரே சொல், இரண்டு வழக்கு.

எழுத்துக்கூட்டலில் ஒரு விதி நினைவில் இருந்தால் போதும். வினையாக வரும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும், பெயராக வரும்போது சேர்த்து அல்லது இடையில் சிறுகோடு போட்டு: ‘பிரேக் டவுன்’ வினை, ‘பிரேக்டவுன்’ பெயர். ‘பிளாக் அவுட்’, ‘மெல்ட் டவுன்’, ‘ஷட் டவுன்’, ‘புளோ அவுட்’, ‘கேவ் இன்’ எல்லாம் இப்படியே. உச்சரிப்பிலும் பெயர்ச்சொல்லுக்கு அழுத்தம் முதல் பாதியில் விழும். ‘காஸ்ட் பிரேக்டவுன்’ என்று யாராவது கேட்டால் எதுவும் கெட்டுப்போகவில்லை, செலவை இனம்வாரியாகப் பிரித்துக் கேட்கிறார்கள்.

கம்ப்யூட்டரில், புரோகிராம் தானாக மூடிக்கொண்டாலோ கணினியே நீலத்திரை காட்டி நின்றாலோ ‘கிராஷ்’. திரை அப்படியே இருந்து எதற்கும் அசையாவிட்டால் ‘ஹேங்’ அல்லது ‘ஃப்ரீஸ்’. ‘ஹேங்’ என்பதன் இறந்தகாலம் இங்கே ‘ஹங்’. ‘ஹேங்டு’ என்றால் தூக்கிலிடப்பட்டது, அதைப் புகார் டிக்கெட்டில் எழுதி சப்போர்ட் ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டாம். ‘டவுன்’ என்பது பயன்படுத்துபவர் நிற்கும் இடத்திலிருந்து சொல்வது: சேவை எட்டவில்லை, காரணம் எதுவானாலும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் ‘டவுன்’. சர்வர்கள் ‘கிராஷ்’ ஆகவில்லை. பராமரிப்பின்போது போன ஒரு கட்டளையால் அந்த நிறுவனத்தின் வலையமைப்பே இணையத்திலிருந்து துண்டானது. 2024 ஜூலை 19 கதை வேறு. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் உண்மையாகவே ‘கிராஷ்’ ஆயின. அதனால் விமான நிறுவனங்கள், வங்கிகளின் சேவைகள் ‘டவுன்’ ஆயின. மொத்தத்துக்கும் பெயர் ‘அவுட்டேஜ்’. ‘கிளிட்ச்’ சின்னதாக வந்து போவது. நாள் முழுக்க நாடுகளை முடக்கியதை ஒரு நிறுவனம் ‘கிளிட்ச்’ என்று அறிக்கை விட்டால், அது மொழி தெரியாமல் செய்தது அல்ல.

பணச் சந்தையில் வேகத்தைப் பார்த்துச் சொல் எடுக்க வேண்டும். ‘கிராஷ்’ ஒரு நாளில் அல்லது சில நாள்களில் நடப்பது: 1929 அக்டோபர் வால் ஸ்ட்ரீட், 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் இழந்தது. ‘ஸ்லம்ப்’ மாதக்கணக்கில் இழுக்கலாம். உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கினால் ‘கரெக்‌ஷன்’ என்பது சந்தை வழக்கு. அதைக் ‘கிராஷ்’ என்று போடுவது தலைப்புக்காரரின் ஆசை. நிறுவனம் மூழ்கினால் ‘கோ அண்டர்’, ‘கோ பஸ்ட்’, பெரிதாக இருந்தால் ‘கொலாப்ஸ்’. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸுக்கு எல்லாரும் எழுதியது அதுதான். ‘டிஃபால்ட்’ இவற்றிலிருந்து தனி. தவணை நாளில் கடனைக் கட்டாமல் விடுவது மட்டுமே அது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது, மே மாதம் ‘டிஃபால்ட்’ நிலைக்குப் போனது. அந்நாட்டுக்கு அதுவே முதல் தடவை. அதை ‘பேங்க்ரப்ட்’ என்று பேச்சில் சொல்லலாம். ஆனால் நாடுகளைத் திவாலாக்கும் நீதிமன்றம் எதுவும் இல்லை என்பதால் எழுத்தில் ‘டிஃபால்ட்’ சரி. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கைநழுவினால் ‘ஃபால் த்ரூ’. படம் ஓடாவிட்டால் ‘ஃப்ளாப்’ அல்லது ‘பாம்ப்ட்’. பிரிட்டனில் ‘வென்ட் லைக் எ பாம்ப்’ என்றால் சக்கைப்போடு போட்டது என்று பொருள், ஏமாந்துவிடக் கூடாது. ‘ஃபியாஸ்கோ’, ‘டிபாக்கிள்’ இரண்டும் நடந்ததைச் சொல்வதைவிட அதைப் பற்றிய கருத்தைச் சொல்பவை; செய்தியில் தவிர்த்து, கட்டுரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டில் ‘கொலாப்ஸ்’ என்றால் குறைந்த ரன் மட்டும் அல்ல, விக்கெட்டுகள் சரசரவென்று விழுவது. 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் முடிந்தது அதற்கு அளவுகோல். ‘சோக்’ வேறு, ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து பதற்றத்தால் கோட்டைவிடுவது. முதல் சொல் ஸ்கோர்போர்டைப் பார்த்தாலே தெரியும், இரண்டாவது ஆட்டக்காரரின் மனத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. ஆதாரம் இல்லாமல் வீசக் கூடாது.

மனிதருக்கு இதே சொற்கள் வரும்போது பொருள் மாறும். ‘ஷி புரோக் டவுன்’ என்றால் தாங்க முடியாமல் அழுதார். ‘ஹி ஸ்னாப்ட்’ என்றால் பொறுமை போய் வெடுக்கென்று பேசினார். ‘பிளாக் அவுட்’ நினைவு தப்புவது. ‘மெல்ட்டவுன்’ அணுஉலையில் எரிபொருள் உருகுவது, 1986 செர்னோபில், 2011 ஃபுகுஷிமா. மனிதருக்கு வந்தால் கத்திக் கூப்பாடு போடுவது. ‘பர்ன்அவுட்’ மோட்டாருக்குச் சட்டென்று வரும், மனிதருக்கு மாதக்கணக்கில் வரும்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான குழப்பம் இதயத்தில்தான். ‘ஹார்ட் அட்டாக்’ இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது. ஆள் நினைவோடு பேசிக்கொண்டிருக்கலாம். ‘கார்டியாக் அரெஸ்ட்’ இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே நின்றுபோவது. சில நொடிகளில் நினைவு போகும். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்ற பெயரைக் கேட்டு இதயம் நின்றுவிட்டது என்று குடும்பமே பதறுகிறது. பெரும்பாலும் அது நாள்பட்ட நோய், இதயம் தேவையான அளவுக்கு ரத்தத்தைத் தள்ள முடியாமல் காலில் வீக்கமும் மூச்சிரைப்பும் தருவது. ஆண்டுக்கணக்கில் மருந்தோடு வாழ்பவர்கள் உண்டு.

ஆகவே ஆம்புலன்ஸ் அழைக்க லண்டனில் 999க்கோ சிங்கப்பூரில் 995க்கோ ஆங்கிலத்தில் பேச வேண்டி வந்தால் நோயின் பெயரை நீங்கள் ஊகித்துச் சொல்ல வேண்டாம். ‘ஹி ஹேஸ் கொலாப்ஸ்டு’ என்றால் மயங்கி விழுந்துவிட்டார் என்று புரிந்துகொள்வார்கள். உடனே அடுத்த கேள்வி ‘இஸ் ஹி பிரீதிங்?’ என்று வரும். அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: ‘ஹி ஹேஸ் கொலாப்ஸ்டு, ஹி இஸ் நாட் பிரீதிங்’. விட்டுவிட்டு இழுத்துத் திணறுவது மூச்சுக் கணக்கில் வராது. அப்போது ‘நாட் பிரீதிங் நார்மலி’ என்று சொல்ல வேண்டும். நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள் என்று எதிர்முனையில் இருப்பவர் சொல்வது இந்தப் பதிலை வைத்துத்தான்.